சாயுற செடிக்கு முட்டு: மூங்கில் குச்சியா, வளையமா, வலையா, கம்பிக் கூண்டா?

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்பிக் கூண்டு கட்சி. என்கிட்ட இருக்க டேலியா, செவ்வந்தி, தக்காளி எல்லாமே இப்ப வெல்டு மெஷ்ல (கம்பிய குறுக்கயும் நெடுக்கயும் வச்சு பத்த வச்ச கட்டம் போட்ட வலை) நானே வளைச்ச கூண்டுக்குள்ளதான் நிக்குது, அதனால இந்த அலசல்ல ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், தெரிஞ்சே படிங்க. கொடி வகைய இதுல சேர்க்கல. அவரை, பாகல் எல்லாம் எதையாவது பிடிச்சு தானா ஏறிடும், பந்தல் தனிக் கதை. இது எதையும் பிடிச்சுக்கத் தெரியாம நல்லா வளர்ந்து நின்னுட்டு, பூவோ காயோ கனம் ஏறினதும் ஒரு மழையில பொத்துன்னு படுத்துடுற செடிங்களுக்கு.

முட்டு கொடுக்கிறதுக்கு முன்னாடி செடி ஏன் சாயுதுன்னு ஒரு தடவ பாத்துடுங்க. வெயில் பத்தலன்னா தண்டு வெளிச்சத்தத் தேடி மெலிஞ்சு நீண்டு போகும். தழைச்சத்த அள்ளிப் போட்டா இலை கொழுகொழுன்னு வரும், தண்டுல தெம்பு இருக்காது. நெருக்கி நட்டாலும் இதே கதிதான். செவ்வந்தி, காஸ்மோஸுக்கெல்லாம் சின்னதுலயே நுனியக் கிள்ளி விட்டா குட்டையா, நிறைய கிளை விட்டு வரும், சில சமயம் முட்டே வேண்டியிருக்காது. இன்னொன்னு, காத்துல ஆடுற செடிக்கு தண்டு தடிச்சு, கொஞ்சம் குட்டையா வளரும், இதுக்கு 1973-ல ஜாஃபின்னு ஒரு தாவர ஆய்வாளர் திக்மோமார்ஃபோஜெனிசிஸ்னு வாயில நுழையாத பேர் ஒண்ணு வச்சாரு. அதாவது ஆடவே விடாம இழுத்துக் கட்டி வச்ச செடி சொந்தமா நிக்கக் கத்துக்காது. கூண்டு எனக்குப் பிடிச்சுப் போனதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

சரி, மூங்கில் குச்சி. எல்லாரும் ஆரம்பிக்கிறது இதுலதான், சுலபமா கிடைக்கும், பாக்கவும் தோட்டத்தோட ஒட்டிப் போயிடும். ஒரே தண்டா ஒசந்து போற கிளாடியோலஸ், ஹாலிஹாக் மாதிரி செடிக்கு இதுக்கு மிஞ்சினது கிடையாது, அதுல எனக்கு வாதமே இல்ல. குச்சியில மூணுல ஒரு பங்காவது மண்ணுக்குள்ள இறங்கணும், இல்லன்னா செடி குச்சியச் சாய்க்கும். டேலியாவுக்கு வைக்கிறதா இருந்தா கிழங்கு நடும்போதே குச்சிய ஊனிட்டு அப்புறம் மண்ணத் தள்ளுங்க, செடி ஒசந்த பிறகு குத்தினா குச்சி எங்க இறங்குதுன்னு தெரியாது, கிழங்குலயே ஓட்டை விழுந்து அங்கிருந்து அழுகும். குனிஞ்சு களை எடுக்கும்போது குச்சி நுனி கண்ணுல குத்தாம இருக்க மேல ஒரு பாட்டில் மூடியாவது மாட்டி விடுங்க. மண்ணுக்கு மேல கெட்டியா தெரியற குச்சி மண்மட்டத்துல மட்டும் உளுத்துப் போயிருக்கும், ஈரமும் காத்தும் சேர்ற இடம் அதுதான், அதனால புது சீசனுக்கு பழைய குச்சிய ஊனறதுக்கு முன்னாடி அந்த இடத்த கையால ஒரு வளை வளைச்சுப் பாருங்க. இதெல்லாம் கூட சமாளிச்சுடலாம்.

சமாளிக்க முடியாதது கட்டுற வேலை. இத பத்தி யாரும் சரியா பேசறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். குச்சி வாங்கும்போது குச்சிய மட்டும்தான் பாக்கறோம், ஆனா செடி வளர வளர ஒவ்வொரு முக்கால் அடி, ஒரு அடிக்கும் புதுசா ஒரு கட்டு போடணும், போட்ட கட்டையும் அப்படியே விட முடியாது, தண்டு தடிக்கும், கயிறு தடிக்காது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு பாத்தா கயிறு தோலுக்குள்ள பதிஞ்சு கிடக்கும், அப்புறம் அத அவுத்து லூசா மறுபடி கட்டணும். நைலான் கயிறுன்னா அறுத்தே விட்டுடும். பழைய காட்டன் துணியக் கிழிச்ச பட்டைதான் நல்லது, இல்லன்னா சணல். முதல்ல குச்சியில இறுக்கமா ஒரு முடிச்சு, அங்கிருந்து 8 வடிவத்துல சுத்தி வந்து தண்டச் சுத்தி லூசா ஒண்ணு, தண்டுக்கும் கட்டுக்கும் நடுவுல ஒரு விரல் போகணும், குச்சிக்கும் தண்டுக்கும் நடுவுல துணி குறுக்க வரணும், அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு உரசாது. பூவுக்கு கிட்ட ஒரே ஒரு கட்டு மட்டும் போட்டுட்டு விட்டா காத்து அடிக்கும்போது ஆட்டம் முழுக்க அந்த ஒரு புள்ளியில வந்து விழும், கட்டின இடத்துலயே தண்டு ஒடியும். இதுல டேலியா தண்டு உள்ள கூடா இருக்கும், கேக்கவே வேண்டாம்.

இதெல்லாம் ஒரு தண்டுக்கு. ஒரு டேலியாவுல ஏழெட்டு தண்டு வரும். ஒவ்வொண்ணுக்கும் தனி குச்சி வைக்க யாருக்கும் பொறுமை கிடையாது, கடைசியில என்ன நடக்கும், நடுவுல ஒரு குச்சிய நட்டு மொத்தச் செடியையும் சேத்து இழுத்து விளக்குமாறு மாதிரி ஒரு கட்டு. பாக்கவும் சகிக்காது, உள்பக்க இலைக்கு காத்தே போகாம சாம்பல் நோய் முதல்ல அங்கதான் பிடிக்கும். ஊருக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்தா செடி ஒரு அடி ஒசந்து கட்டுக்கு மேல மடங்கிக் கிடக்கும். அதனால என்னைக் கேட்டா எது அழகு, எது மலிவுங்கிற கேள்வியெல்லாம் அப்புறம்தான், ஒரு சீசன்ல எத்தன தடவ கயிறும் கையுமா திரும்பப் போகணும், அதத்தான் முதல்ல பாக்கணும்.

அந்தக் கணக்குல பாத்தா மத்ததெல்லாம் எப்படின்னு வேகமா பாத்துடலாம்.

ரெடிமேடா வர்ற வளையம், அதாவது மூணு நாலு கால் வச்சு மேல வட்டமா கட்டம் போட்டது. செடி சாண் உயரம் இருக்கும்போதே வச்சுட்டா தண்டெல்லாம் கட்டத்துக்குள்ள புகுந்து வளர்ந்து அதையே மறைச்சுடும், கட்டுற வேலை பூஜ்யம். ஆனா செடி படுத்த பிறகு ஞாபகம் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அத்தன தண்டையும் ஓட்டைக்குள்ள நுழைக்கப் போனா பாதி ஒடியும். உயரமும் ஒண்ணுதான், ஒண்ணரை அடிக்கு மேல செடி ரொம்ப ஒசந்துட்டா அங்க மடங்கும். ரெண்டடிக்குள்ள நிக்கிற பூச்செடின்னா தாராளமா வாங்கலாம்.

கீழ குறுகி மேல அகலமா கூம்பு ஷேப்ல விக்கிற தக்காளிக் கூண்டு வேற. குட்டை ரகத்துக்கு சரி. வளர்ந்துகிட்டே போற ரகத்துக்கு அது பத்தாது, கனம் முழுக்க மேல ஏறி கூண்டோட சாயும்.

கிடைமட்ட வலை, இது வெட்டுப்பூ விவசாயம் பண்றவங்க செவ்வந்திக்கும் கார்னேஷனுக்கும் பாத்தி முழுக்க இழுத்துக் கட்டுறது, கட்டம் 15 சென்டிமீட்டர் மாதிரி இருக்கும். ஒரே செடிய நீளமா பாத்தி போட்டிருந்தா இத அடிச்சுக்க ஆளில்ல, நாலு மூலையில கம்பு, வலைய விறைப்பா இழுத்து விட்டா போதும், செடி அதுக்குள்ள ஏறி வந்துடும், வளர வளர வலைய மேல தூக்கிக்கலாம். ஆனா வலைக்குக் கீழ களை எடுக்கிறது நரகம். சீசன் முடிஞ்சு காஞ்ச தண்டையெல்லாம் பிளாஸ்டிக் வலையில இருந்து ஒவ்வொண்ணா உருவி எடுக்கிற வேலைய நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், என் தோட்டத்துல அங்கொண்ணு இங்கொண்ணா இருக்க செடிக்கு இது ஒத்தும் வராது.

தக்காளிய வரிசையா நட்டிருக்கவங்க ரெண்டு செடிக்கு ஒரு கம்பு ஊனி, ரெண்டு பக்கமும் சணல இழுத்து செடிய நடுவுல சாண்ட்விச் பண்ற முறையும் இருக்கு. நல்ல முறைதான், ஆனா அதுவும் முக்கால் அடிக்கு ஒரு தடவ புது வரிசை சணல் கேக்கும்.

சுள்ளிதான் என்னோட ரெண்டாவது சாய்ஸ். கவாத்து பண்ணின கிளைய, சின்னச் சின்ன கிளைகளோட அப்படியே காய வச்சு, செடி அரையடி இருக்கும்போது சுத்தி நாலஞ்சு ஊனிட்டு நுனிய உள்பக்கமா வளைச்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி விட்டா முடிஞ்சது. காஸ்மோஸ் மாதிரி மெல்லிசு தண்டு செடிக்கு இத விட இதமான முட்டு கிடையாது, ஒரு முடிச்சு கூட வேண்டாம், செடி வளர்ந்ததும் சுள்ளி கண்ணுக்கே தெரியாது, கடைசியில செடியோட சேத்து உரக்குழிக்கு. காய வைக்காம பச்சையா மட்டும் ஊனாதீங்க, முருங்கை மாதிரி மரம்னா அது பாட்டுக்கு துளிர்த்து புது மரமா நிக்கும். இதோட குறை, ஒரு சீசன்தான் தாங்கும், டேலியா கனத்துக்கு முறிஞ்சுடும்.

இப்ப கூண்டுக்கு வர்றேன். கோழி வலை வாங்கிடாதீங்க, அது தொளதொளன்னு இருக்கும், செடிய விட அதுக்குத்தான் முட்டு வேணும். கால்வனைஸ் பண்ணின வெல்டு மெஷ், கம்பி இரண்டரை மூணு மில்லிமீட்டர், 4 அடி அகல ரோல். கட்டம் 6 இன்ச் கிடைச்சா யோசிக்காம எடுங்க, கை தாராளமா உள்ள போகும். எனக்கு கிடைச்சது 2 இன்ச் கட்டம், அதுக்கும் வழி இருக்கு, சொல்றேன், இனி வர்ற அளவெல்லாம் அந்த 2 இன்ச் கட்டத்துக்குத்தான்.

5 அடி நீளம் வெட்டினா, கொக்கிக்கு 2 இன்ச் போக, சுமார் பதினெட்டரை இன்ச் விட்டத்துல கூண்டு வரும், ஒரு டேலியாவுக்கு அது போதும். வெட்டும்போது ஒரு பக்க ஓரத்துல நெடுக்குக் கம்பிய ஒட்டி வெட்டாம, அடுத்த கம்பிய ஒட்டி வெட்டுங்க, அப்ப குறுக்குக் கம்பியெல்லாம் 2 இன்ச் வால் விட்டு நீட்டிக்கிட்டு நிக்கும். மெஷ்ஷ உருட்டி அந்த வாலையெல்லாம் எதிர் ஓரத்துக் கம்பி மேல பிளையரால மடக்கி விட்டா அதுவே கொக்கி, தனியா கட்டுக்கம்பி வேண்டாம். எல்லா வாலையும் மடக்கணும்னு இல்ல, ஒண்ணு விட்டு ஒண்ணு போதும், மடக்காதத வெட்டி விட்டுடுங்க, இல்லன்னா கையக் கீறும். அடியில கடைசி ரெண்டு குறுக்குக் கம்பியையும் வெட்டி எடுத்துட்டா நெடுக்குக் கம்பியெல்லாம் 4 இன்ச் முள்ளா தொங்கும், அதத்தான் மண்ணுல அழுத்துறது. மண்ணுக்கு மேல 44 இன்ச் நிக்கும். ரோல வெட்டும்போது மட்டும் உஷார், வெட்டின நிமிஷம் சுருண்டு மூஞ்சிக்கு வரும், ரெண்டு பக்கமும் செங்கல் வச்சுட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டு செய்யுங்க.

கை நுழைய ஜன்னல் வேணும்னா, பக்கத்துப் பக்கத்துல இருக்க நாலு கட்டத்துக்கு நடுவுல சந்திக்கிற கம்பிய குறுக்கயும் நெடுக்கயும் வெட்டி எடுத்தா 4 இன்ச் ஓட்டை. சுத்தி வேற வேற உயரத்துல ஏழெட்டு இடத்துல இப்படி எடுத்து நுனிய ஃபைல் போட்டு மழுக்கிட்டா தக்காளி பறிக்க, காஞ்ச பூவக் கிள்ள கை போகும்.

செடி சின்னதா இருக்கும்போது கூண்ட மாட்டினா அதோட சரி, அப்பப்ப வெளிய நீட்டுற கிளைய உள்ள தள்ளி விடறது மட்டும்தான் வேலை, அதுவும் தண்ணி ஊத்துற கையோட ஆயிடும். தண்டுங்க கட்டுப்படாம உள்ள ஆடிக்கிட்டே இருக்கு, சாஞ்சா எங்கயாவது ஒரு கம்பியில தோள் கொடுத்துக்குது. மேல சொன்ன காத்து சமாச்சாரத்துக்கும் இது ஒத்துப் போகுது, என் செடி தண்டு தடிச்சதுக்கு கூண்டுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், மண்ணையும் அதே சமயம் மாத்தினேன்.

குறை இல்லாம இல்ல. முதல் மாசம் செடி மறைக்கிற வரைக்கும் தோட்டம் ஜெயில் மாதிரிதான் இருக்கும். ஆரம்பச் செலவு மூங்கிலுக்கு மேல. பலத்த காத்துல செடி நிறைஞ்ச கூண்டு பாய்மரமா மாறிடும், 4 இன்ச் முள்ளு தாங்காது, காத்து வர்ற பக்கமா ஒரு கம்பிய ஆழமா அடிச்சு கூண்ட அதோட ரெண்டு இடத்துல கட்டிடுங்க, அந்த ஒரு கட்டு மட்டும் எனக்கும் தப்பல. எடுத்து வைக்கிறது இன்னொரு தலைவலின்னு சொல்வாங்க, கொக்கிய அவுத்தா தட்டையாயிடும், இல்லன்னா பாதி கூண்ட நாலரை அடி நீளத்துல செஞ்சா பெருசுக்குள்ள சிறுசு போயிடும், நான் அப்படித்தான் வச்சிருக்கேன். துரு இப்ப வரைக்கும் வெட்டின நுனியில மட்டும்தான், கடல்காத்து அடிக்கிற இடத்துல இதே மாதிரி தாங்கும்னு எதிர்பார்க்காதீங்க.

தொட்டிச் செடிக்கு நான் கூண்டு சொல்ல மாட்டேன். தொட்டி மண்ணுல முள்ளுக்கு பிடி கிடைக்காது, காத்துல தொட்டியோட கவிழும். அங்க மூணு மூங்கில ஓரமா ஊனி மேல சேத்துக் கட்டின முக்காலிதான் சரி, தொட்டி எண்ணிக்கை கம்மின்னா கட்டுற வேலையும் பெருசா தெரியாது. பிவிசி பைப் வேண்டாம், வழவழன்னு இருக்கறதால கட்டு கீழ இறங்கிடும், வெயில்ல நாளாக ஆக நொறுங்கும். கண்ணாடி நார், அதாவது ஃபைபர் கிளாஸ் குச்சிய நான் கொஞ்ச நாள்தான் பயன்படுத்தியிருக்கேன், உளுக்காது, துருப்பிடிக்காது, ஆனா பழசானா நார் கையில ஏறும்.

ஏற்கனவே படுத்துட்ட செடின்னா கூண்ட மேல இருந்து மாட்டப் பாக்காதீங்க. கொக்கிய அவுத்து மெஷ்ஷ விரிச்சு, செடியச் சுத்திக் கொண்டு வந்து, ரெண்டு பேரா சேர்ந்து ஒருத்தர் தண்டையெல்லாம் அணைச்சுப் பிடிக்க இன்னொருத்தர் மாட்டணும். தரையோட கிடந்து நுனி மட்டும் மேல திரும்பியிருந்தா முழுசா நிமிர்த்தாதீங்க, பாதி தூக்கி விட்டா போதும், மீதிய அதுவே பாத்துக்கும். காலையில செய்ய வேண்டாம், தண்டு தண்ணி ஏறி விறைப்பா இருக்கும், தொட்டாலே ஒடியும். மத்தியானம் தாண்டி கொஞ்சம் துவண்டிருக்கும் பாருங்க, அப்ப வளைஞ்சு கொடுக்கும்.