வால்யூம் பொத்தானும் நானும்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடங்களாக ஒரே கீபோர்டுதான். மேல் வரிசையின் வலது ஓரத்தில் மூன்று பொத்தான்கள்: சத்தத்தைக் கூட்ட, குறைக்க, மியூட் செய்ய. முதல் வருடம் முழுக்க லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் இருந்ததால் அவற்றைப் பற்றி யோசித்ததே இல்லை. செருகினேன், வேலை செய்தன. கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் அப்படித்தான். அந்த இரண்டில் இருப்பவர்களுக்கு இந்தப் புலம்பல் தேவைப்படாது.

வினை, ஜன்னல்களை அடுக்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஐ3 என்ற விண்டோ மேனேஜருக்கு மாறிய அன்று ஆரம்பித்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கீபோர்டே போய்விட்டதோ என்ற சந்தேகத்தில் எந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறது என்று காட்டும் எக்ஸ்இவியை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன வெள்ளை ஜன்னல் திறக்கும். அதன் மேல் மவுஸை வைத்துப் பொத்தானைத் தட்டினால் டெர்மினலில் வரிகள் ஓடும். கூட்டுவதற்கு 123, குறைக்க 122, மியூட்டுக்கு 121 என்று பிசகில்லாமல் வந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இவற்றை 115, 114, 113 என்றுதான் எண்ணுகிறது. திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் தன் பங்குக்கு 8 சேர்த்துக்கொள்கிறது. ஆக, பொத்தான் கூப்பிடுகிறது, ஏனென்று கேட்கத்தான் ஆளில்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட என் கான்ஃபிக் கோப்பில் இந்தப் பொத்தான்களுக்கு ஒரு வரிகூட இல்லை. (எண் வராமல் ஃபோகஸ் போனதும் வந்ததும் மட்டும் தெரிந்தால், வேறொரு புரோகிராம் அந்தப் பொத்தானை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள்.)

சரி, மூன்று வரி எழுதினால் தீர்ந்தது என்று, லினக்ஸின் அடிமட்ட ஒலி அமைப்பான ஆல்சாவின் ஏமிக்ஸர் கட்டளையை வைத்து எழுதினேன். கூட்டல், குறைத்தல் பிரச்சினையில்லை. மியூட் மட்டும் ஒருவழிப் பாதை. ஒருமுறை அழுத்தினால் சத்தம் போகும், மறுமுறை அழுத்தினால் வராது. ஆல்சாவின் ஒலி அளவுகளைத் திரையில் காட்டும் ஆல்சாமிக்ஸரைத் திறந்து பார்த்தால், மாஸ்டரோடு சேர்ந்து ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் மியூட் ஆகியிருந்தன. திரும்பி வந்தது மாஸ்டர் மட்டும்தான். மேலே ஒலியை நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோ உட்கார்ந்திருக்கும்போது அதைத் தாண்டிப் போய் கீழே ஆல்சாவைத் தொட்டதற்கான கூலி.

அப்புறம் பல்ஸ்ஆடியோவின் சொந்தக் கட்டளையான பிஏசிடிஎல்லுக்கு மாறினேன். அதிலும் சோம்பேறித்தனம்: ஸிங்க் (ஒலி வெளியேறும் கருவி) எண் 0 என்று நேரடியாக எழுதிவைத்தேன். சில மாதம் ஓடியது. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இணைத்த பிறகு ஒருநாள், தட்டத் தட்ட சத்தம் கூடவே இல்லை. நான் கூட்டிக்கொண்டிருந்தது மானிட்டரின் சத்தத்தை! எண்ணை எடுத்துவிட்டு, அப்போதைக்கு எது இயல்பு ஸிங்க்கோ அதைக் குறிக்கும் பெயரைப் போட்டதும் சரியானது. ஆனால் பிஏசிடிஎல்லுக்கு உச்சவரம்பு கிடையாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஐந்தைந்து சதவீதமாக ஏறி 100ஐத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். என் ஸ்பீக்கர் 140ல் கரகரத்ததைக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

பல்ஸ்ஆடியோவுக்குப் பதிலாகப் பைப்வயர் வந்தபோது எல்லாம் உடையும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை; பல்ஸ்ஆடியோ மாதிரியே பேசும் ஒரு பகுதி அதில் இருப்பதால் பழைய வரிகள் அப்படியே ஓடின. இருந்தும் பைப்வயரோடு பயன்படும் டபிள்யூபிசிடிஎல் கட்டளைக்கு மாறியதற்கு ஒரே காரணம், அதில் வரம்பு வைக்கலாம். 1.0 என்று கொடுத்தால் 100 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இடையில் இன்னொரு கீபோர்டும் வந்து சேர்ந்தது. அதில் மியூட் இல்லை, யாரும் தொடாத கால்குலேட்டர் பொத்தான் இருந்தது. அதை, எக்ஸில் பொத்தான்களின் வேலையை மாற்றும் எக்ஸ்மோட்மேப்பால் மியூட்டாக்கினேன். யுஎஸ்பியைக் கழற்றிச் செருகினால் பழையபடி கால்குலேட்டர். ஐ3 போலவே இருந்தாலும் எக்ஸுக்குப் பதில் வேலண்டில் ஓடும் ஸ்வேக்குப் போனதும் எக்ஸ்மோட்மேப்புக்கே வேலையில்லாமல் போயிற்று. கடைசியில், இணைக்கும் கருவிகளைக் கவனிக்கும் யூடெவின் எச்டபிள்யூடிபி என்ற தரவுத்தளத்தில் எழுதினேன். ஈவிடெஸ்ட் என்ற சோதனைப் புரோகிராமில் பொத்தானின் ஸ்கேன் கோடை (கீபோர்டு அனுப்பும் எண்ணை) பார்த்து, கீபோர்டு அடையாளத்துக்கு ஒரு வரி, அதற்குக் கீழே ஸ்கேன் கோடுக்கு மியூட் என்று ஒரு வரி. இரண்டாவது வரி ஒரு ஸ்பேஸில் தொடங்க வேண்டும். அந்த ஒற்றை ஸ்பேஸை விட்டுவிட்டு அரை மணி நேரம் கீபோர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரியாக எழுதி, தரவுத்தளத்தைப் புதுப்பித்து, யூடெவை ஒருமுறை தூண்டிவிட்டதோடு முடிந்தது. மாற்றம் கர்னல் மட்டத்தில் நடப்பதால் எக்ஸோ வேலண்டோ அதற்குக் கவலையில்லை. இத்தனை வருடத்தில் நான் திரும்பத் தொடாத ஒரே அமைப்பு அதுதான்.

ஸ்வேயில் பிடித்த இன்னொன்று: பொத்தானுக்கு வேலை சொல்லும் பைண்ட் வரியில் 'லாக்ட்' என்ற குறியைச் சேர்த்தால் திரை பூட்டியிருக்கும்போதும் பொத்தான் கேட்கும். ஐ3யில் பாட்டை ஓடவிட்டுத் திரையைப் பூட்டிவிட்டால், சத்தத்தைக் குறைக்கக் கடவுச்சொல் அடித்தாக வேண்டியிருந்தது. சத்த அளவைத் திரையில் காட்டும் ஒலிப் பட்டை மட்டும் இன்னும் அமைக்கவில்லை. மியூட்டில் இருப்பது தெரியாமல் ஹெட்ஃபோன் வயரை ஆட்டிப் பார்ப்பது இன்றும் நடக்கிறது.