நாற்பது கணினிக்கு ஒரு விண்டோஸ்: குளோனா, ஃபாகா, ஆட்டோபைலட்டா?

சிங்கப்பூரில் பாய லேபார் பக்கம் ஓர் அலுவலகம். ஒரே மாடலில் நாற்பது மேசைக் கணினிகள் வந்து இறங்கியிருந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடியவிருந்தது. 20-ஆம் தேதி தீபாவளி. "தம்பி, தீபாவளிக்கு முன்னால முடிச்சிடலாம்ல?" என்றார் மேலாளர் அண்ணன். விண்டோஸ் 11, ஆபீஸ், பிரிண்டர், கணக்கு மென்பொருள் என்று கையால் ஏற்றினால் ஒரு கணினிக்கு ஒன்றரை மணி நேரம். நாற்பதுக்கு அறுபது. ஆகவே கைவேலை போட்டியிலேயே இல்லை. மிச்சம் இருந்தவை குளோன்சில்லா, ஃபாக், ஆட்டோபைலட்.

வட்டைப் பிரதி எடுக்கும் குளோன்சில்லா இலவசம். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய ஒரு யுஎஸ்பியை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். ஒரு கணினியை நன்றாகத் தயார் செய்து, அதன் வட்டை இமேஜாக, அதாவது முழுப் பிரதியாக, எடுத்து, மற்றவற்றில் இறக்க வேண்டியதுதான். டேட்டா இருக்கும் பகுதியை மட்டும் எடுப்பதால் இமேஜும் பெரிதாக வீங்காது. ஆனால் இறக்கும் வட்டு மூல வட்டைவிடச் சிறியதாக இருந்தால் முரண்டு பிடிக்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் வட்டு 'ரெய்டு' முறையில் இருந்தால் சில மாடல்களில் வட்டே கண்ணில் படாது. ஐந்தாறு கணினிக்கு இதைவிட எளிய வழி இல்லை. நாற்பதுக்கு யுஎஸ்பியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைய என் முதுகு ஒத்துழைக்காது.

நெட்வொர்க் வழியாக இமேஜ் இறக்கும் ஃபாக் (FOG) என்ற மென்பொருள் அந்த அலைச்சலைக் குறைக்கிறது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி அதைச் சர்வராக்கிவிட்டால், மற்றவை நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகி இமேஜை வாங்கிக்கொள்ளும். இதில் மல்டிகாஸ்ட்தான் விசேஷம். 20 ஜிபி இமேஜை நாற்பது பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் 800 ஜிபி. ஒரு கிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 எம்பி போனால்கூட இரண்டு மணி நேரம் ஆகும். மல்டிகாஸ்ட்டில் ஒரே ஓட்டம், எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொள்வார்கள். கணக்குப்படி மூன்று நிமிடம். நடைமுறையில் வட்டு எழுதும் வேகமும் மெதுவான கணினி ஒன்றும் சேர்ந்து இழுத்துவிடும். ஆனாலும் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரும் நேரம்தான்.

தொல்லை வேறு இடத்தில். கேட்ட கணினிகளுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி ஸ்விட்ச்சில் சரியாக இல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் எல்லாப் போர்ட்டிலும் கொட்டி அலுவலக நெட்வொர்க்கே திணறும். நெட்வொர்க் பூட்டுக்கு, கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில் 66, 67 என்ற இரண்டு அமைப்புகள் வேண்டும். பூட் சர்வர் எது, கோப்பு எது என்று சொல்பவை அவை. சின்ன அலுவலகங்களில் டிஎச்சிபி, இணையச் சேவையோடு வந்த ரூட்டரில்தான் ஓடும். அதில் இதையெல்லாம் மாற்ற வழி இருக்காது. அப்போது சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு, பூட் விவரத்தை மட்டும் சொல்லும் ப்ராக்ஸி டிஎச்சிபி ஓட்டிச் சமாளிக்கலாம். கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டையும் வழக்கமாக அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டியிருக்கும். நாற்பது பயாஸிலும், ஆமாம்.

எந்த வழியில் இமேஜ் எடுத்தாலும் சிஸ்பிரெப்பை மட்டும் விடக்கூடாது. மூலக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி அது. கணினிகளின் எஸ்ஐடி (விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண்) ஒன்றாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை என்று 2009-இல் மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் எழுதினார். பலர் அதைப் படித்துவிட்டு சிஸ்பிரெப்பையே மறந்தார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுகள் எஸ்ஐடியைச் சோதிக்கத் தொடங்கின. எனக்குத் தெரிந்த ஒரு கணக்காய்வு அலுவலகத்தில், சிஸ்பிரெப் இல்லாமல் குளோன் செய்த கணினிகள் ஒன்றின் பகிர்வுக் கோப்புறையை இன்னொன்று திறக்க மறுத்தன. குளோன் செய்த ஆள் நான்தான். ஒவ்வொன்றையும் மீண்டும் ஏற்றினேன், என் செலவில்.

சிஸ்பிரெப்பும் சாது இல்லை. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் நின்றுவிடும். ஸ்டோர் செயலி ஏதாவது ஒரு பயனருக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் நின்றுவிடும். மூலக் கணினியில் முதல் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி பயனர் கணக்கு இல்லாமலே கணினியைத் தயார் செய்ய உதவும் ஆடிட் முறைக்குள் போய், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வேலை செய்வது என் பழக்கம்.

விண்டோஸை மொத்தமாக நிறுவ மைக்ரோசாஃப்ட் கொடுத்த எம்டிடியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, ஆனால் அதன் காலம் போய்விட்டது. விண்டோஸ் 11-க்கு அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைக்கவே இல்லை. நெட்வொர்க் வழியாக நிறுவ உதவும் டபிள்யூடிஎஸ்-இலும் விண்டோஸ் 11-இன் பூட் கோப்பை வைத்து நேராக நிறுவ மைக்ரோசாஃப்ட் விடுவதில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் இமேஜே கிடையாது. தொழிற்சாலையில் ஏற்றிய விண்டோஸ் அப்படியே இருக்கும். விற்பனையாளர் கணினியின் அடையாளமான ஹார்ட்வேர் ஹேஷைப் பதிந்துவிட்டால், ஊழியர் பெட்டியைப் பிரித்து அலுவலகக் கணக்கில் நுழைந்ததும், கணினிகளை இணையம்வழி நிர்வகிக்கும் இன்டியூன் சேவை மென்பொருள்களை இறக்கிக்கொடுக்கும். சிலர் துவாஸில், சிலர் பொங்கோலில் வீட்டிலிருந்து வேலை என்றால் இதற்கு ஈடே இல்லை. ஆனால் மாதச் சந்தா உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் இன்டியூன் அடக்கம், 300 பேர் வரை. ஒரே அறையில் நாற்பது கணினியும் ஆபீஸை இணையத்திலிருந்து இழுக்கும்போது நேரமும் போகும். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதி இருந்தால் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும்.

இலவசம் என்று சொன்னேனே, அதிலும் ஒரு கொக்கி உண்டு. கணினியோடு வரும் ஓஇஎம் லைசென்ஸ் சொந்த இமேஜை ஏற்ற உரிமை தராது. அதே பதிப்புக்கு, நிறுவனங்களுக்கான வால்யூம் லைசென்ஸ் ஒன்றாவது வாங்கியிருக்க வேண்டும். விலைப்பட்டியல் கொடுக்கும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

அந்த அலுவலகத்துக்கு நான் ஃபாக்கைத்தான் எடுத்தேன். இமேஜிலேயே சிங்கப்பூர் நேரம், பிரிண்டர், தமிழில் கடிதம் எழுதும் இருவருக்காகத் தமிழ்99 விசைப்பலகை எல்லாம் வைத்தாயிற்று. சனிக்கிழமை காலை தொடங்கி மாலைக்குள் முப்பத்தொன்பது முடிந்தன. நாற்பதாவதில் நெட்வொர்க் போர்ட் சரியில்லை; அதற்கு மட்டும் யுஎஸ்பி. அடுத்த மாதம் வரவிருந்த ஆறு மடிக்கணினிகளை ஆட்டோபைலட்டில் பதிந்து அனுப்பச் சொல்லி விற்பனையாளருக்கு அன்றே எழுதிவிட்டேன்.