நான்கு தலைமுறைப் பண்ணையின் விதைக்கிழங்கு: மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்

மூட்டையின் முகப்பில் "நான்கு தலைமுறையாக உருளைக்கிழங்கு மட்டுமே" என்று கொட்டை எழுத்து. விதை வாங்குகிறவருக்கு வேண்டியது குடும்பத்தின் தலைமுறைக் கணக்கு அல்ல, கிழங்கின் தலைமுறைக் கணக்கு. நோயில்லாத திசு வளர்ப்புச் செடியில் எடுத்த சிறுகிழங்கிலிருந்து வயலில் எத்தனை முறை பெருக்கியது என்பது அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது: மூன்று. நல்ல எண்; பெருக்கிய முறை குறைந்தால் நோய் சேர்வதும் குறைவு.

அசுவினிப் பூச்சி பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரியும் (வைரஸ்) ஒய் நச்சுயிரியும் கிழங்குக்குள்ளேயே தங்கி அடுத்த நடவுக்கும் கூடவே வரும். சொந்த விதையையே திரும்பத் திரும்பப் போட்டால் விளைச்சல் இறங்கும். பழி மண்ணின் மேல் விழும். 1870களில் அமெரிக்கப் பயிர் வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் தேர்ந்தெடுத்த உருளை ரகத்தின் தோல் மாறிய வாரிசான ரஸ்ஸட் பர்பாங்க் இன்றும் தெம்பாக விளைவதில், நச்சுயிரி நீக்கிய விதைக்குப் பெரும் பங்கு உண்டு.

கிழங்குகள் பெரும்பாலும் கோழிமுட்டைப் பருமன், 35–50 மி.மீ.; வெட்டாமலே நடலாம். முளை 1 செ.மீ. அளவில் கட்டையாக, பச்சையும் ஊதாவுமாக இருக்கிறது. வெளிச்சத்தில் முளைகட்டியிருக்கிறார்கள். இருட்டில் வந்த முளை வெள்ளை நூலாக நீண்டு, கை பட்டாலே ஒடியும்.

காம்பு ஒட்டியிருந்த பக்கத்தைச் சீவிப் பார்த்தால் பாக்டீரியா நோயின் அடையாளமான பழுப்பு வளையம் இல்லை, அழுத்தினால் பால் போன்ற கசிவும் இல்லை. இருந்திருந்தால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. அடியில் 100 கிராமுக்கு மேற்பட்ட கிழங்குகளைத் தள்ளியிருக்கிறார்கள். அவற்றைத் துண்டுக்கு 2 கண், 40 கிராம் வருமாறு வெட்டி, 15 டிகிரி அளவில், ஈரப்பதமும் காற்றும் உள்ள நிழலில் 2–3 நாள் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெட்டுமுகம் ஆறித் தக்கை போன்ற தோல் கட்டாமல் சுருங்கும். மண்ணுக்குள் போனதும் அழுகும். கத்தியைக் கிழங்குக்குக் கிழங்கு கிருமிநீக்கம் செய்யுங்கள்.

சில கிழங்குகளில் கழுவினாலும் போகாத, நகத்தால் சுரண்டினால் பெயரும் கரும்பொட்டுகள். ரைசோக்டோனியா பூசணம். நிறைய அப்பியிருந்தால் ஒதுக்குங்கள். மற்றவற்றைக் குளிர்ந்த ஈரமண்ணில் ஆழமாகப் புதைத்தால் முளை வெளியே வருமுன்பே கருகும். மண் 10 டிகிரியைத் தாண்டியபின் மேலாக நட்டு, பிறகு மண் அணைக்கலாம்.

சணல் மூட்டைக்குள் பாலிதீன் உறை எதற்கோ! வந்தவுடன் உருவி எறியுங்கள். காற்றில்லாமல் கிழங்கின் நடுப்பகுதி கருத்துவிடும்.

விளைந்ததில் விதை எடுக்கலாமா? சுருண்ட, தேமல் விழுந்த செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்தினால் ஒரு பருவத்துக்கு எடுக்கலாம். அதற்கடுத்து புது மூட்டைதான்.