டிரெய்லர் இழுக்க எஸ்யூவி: சுங்கை சிப்பூட் வயரிங் பட்டறையும் ரெட்ஆர்க் பிரேக் கருவியும்

கேனோப்பி கூடாரத்தின் கம்பிகள், மடிப்பு மேசைகள், அண்டாக்கள், ஒரு ஜெனரேட்டர் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்றை இழுப்பதற்காக எங்கள் மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட்டை ஆயத்தம் செய்து கொடுத்த, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்பூட் வயரிங் பட்டறையைப் பற்றியும், அங்கே பொருத்தப்பட்ட ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலைட் என்னும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். இருக்கிற வேலையே போதும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. செம்பனை லோரிகளுக்கும் தோட்டத்து டிராக்டர்களுக்கும் வயரிங் செய்து பழகிய இடம் அது. ஊருக்குள் விசாரித்தால் வழி காட்டிவிடுவார்கள்.

பொருள் ஏற்றிய நிலையில் எங்கள் டிரெய்லரின் எடை ஏறத்தாழ 1,600 கிலோ. இந்த எடைக்குத் தனி பிரேக் தேவையா என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ என்பதே எல்லை. ஆஸ்திரேலிய விதிப்படி அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும்; 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் கட்டாயம். இதே வண்டி ஆஸ்திரேலியாவில் 3,100 கிலோ இழுக்கும் என்று விற்கப்பட்டது என்பதை வைத்துக்கொண்டு இங்கே யாரும் கணக்குப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொன்னார். நம் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, டிரெய்லரை மாட்டும் டோபாரில் அடித்திருக்கும் தகட்டில் என்ன இருக்கிறதோ, அவற்றில் சிறிய எண்தான் நமக்குரியது. வேலை பிடிக்க வேண்டும் என்ற அவசரம் உள்ள கடையில் இந்தப் பேச்சு எழாது.

டிரெய்லரில் இருப்பவை மின்சார டிரம் பிரேக்குகள். ஒவ்வொரு சக்கரத்திலும் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு நெம்புகோலை இழுக்க, அந்த நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஆகவே ஓட்டுநரின் காலுக்கும் டிரெய்லரின் சக்கரத்துக்கும் இடையில் எண்ணெய்க் குழாய் எதுவும் இல்லை, ஒயர் மட்டுமே இருக்கிறது. பிரேக் வேலையை வயரிங் பட்டறையில் கொடுப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உண்மையில் இந்த வேலையின் தரம் முழுவதும் ஒயரில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் சாக்கெட். எங்கள் டிரெய்லரின் பிளக் ஆஸ்திரேலிய முறையிலான தட்டை ஏழு முனை. வண்டியின் பின்புறம் முன்பே இருந்ததோ ஐரோப்பிய முறையிலான வட்ட ஏழு முனை. இரண்டுக்கும் ஏழுதானே என்று எண்ணுக்கு எண் இணைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இடது சிக்னலாகிய 1, எர்த்தாகிய 3, வலது சிக்னலாகிய 4, பிரேக் விளக்காகிய 6 ஆகியவை இரண்டிலும் ஒத்துப்போவதால், அப்படி இணைத்தவருக்குச் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் 2, 5, 7 ஆகிய மூன்றும் வேறு வேறு. ஆஸ்திரேலிய முறையில் 5 என்பது மின்சார பிரேக். ஐரோப்பிய முறையில் அதே 5 வலது பின்விளக்கு. எண்ணைப் பார்த்து இணைத்தால், இரவில் ஹெட்லைட்டைப் போட்ட நொடியில் டிரெய்லரின் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநருக்கு வண்டி இழுக்க மறுப்பது மட்டும்தான் தெரியும், டிரம் காய்ந்து புகைவது தெரியாது. நிறத்தை நம்புவதும் உதவாது. நீல ஒயர் ஒரு முறையில் பிரேக்குக்கும் மற்றதில் பின்புறப் பனி விளக்குக்கும் உரியது. பட்டறையில் பழைய சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் ஒவ்வொரு முனையையும் மீட்டர் வைத்து அளந்து, தாளில் எழுதிக்கொண்ட பிறகே புதிய தட்டைச் சாக்கெட்டைப் பொருத்தினார்கள். அரை நாள் இதிலேயே போயிற்று. அந்த நேரத்துக்குக் கொடுத்த கூலியை நான் வீண் என்று எண்ணவில்லை.

இரண்டாவது, விளக்குகள். இக்கால எஸ்யூவிகளில் பின்விளக்கு ஒயரை வெட்டி டிரெய்லருக்குக் கிளை எடுப்பது ஆபத்தான குறுக்குவழி. விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது; கூடுதல் சுமை ஏறினால் பிழை விளக்கு எரியலாம், கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகலாம். இங்கே பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக மின்சாரம் எடுக்கும் ஒரு ரிலே மாட்யூலை வைத்தார்கள். வண்டியின் விளக்கு ஒயரிலிருந்து அது சைகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டிரெய்லரின் பல்புகளுக்கான மின்சாரம் வேறு வழியாக வருகிறது. இணைப்புகளில் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அழுத்தி இணைத்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டவை. செம்மண் சேறும் மாலை மழையும் நிரந்தரமாகிய தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தக் கிளிப் ஒரு பருவம்கூடத் தாங்காது.

மூன்றாவதாகிய ஒயரின் பருமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் கை வைக்கும் இடம் இதுதான். பத்து அங்குல டிரம் பிரேக்கின் காந்தம் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். வண்டியின் முன்னிருந்து டிரெய்லரின் அச்சு வரை பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர இருபது மீட்டர் செம்புக் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் வழியிலேயே 1.6 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் நிற்கும். முதல் வகையில் பிரேக்கின் வலிமையில் ஏழில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. நான் கேட்காமலேயே பட்டறையில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டார்கள். போகும் ஒயரைப் பருமனாகப் போட்டுவிட்டு எர்த்தை மெல்லிய ஒயரில் விட்டுவிடும் வேலையை வேறிடத்தில் பார்த்திருக்கிறேன். போன மின்சாரம் அத்தனையும் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். எர்த் சரியில்லாத டிரெய்லரைச் சாலையில் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கும், சிக்னல் போட்டால் பின்விளக்கும் கூடவே கண் சிமிட்டும். டிரெய்லர் உட்காரும் டோபார் உருண்டையாகிய குண்டின் வழியாகவே எர்த் வருகிறது என்று நம்பி ஒயரே போடாதவர்களும் உண்டு. குண்டில் கிரீஸ் தடவிய அன்றே அந்த நம்பிக்கை முடிந்துவிடும்.

இனிக் கருவி. ரெட்ஆர்க் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த நிறுவனம். டோ-ப்ரோ எலைட்டின் பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் எந்தக் கோணத்திலும் ஒளிந்திருக்கலாம். ஓட்டுநருக்குத் தெரிவது ஒரு சிறிய திருகு குமிழ் மட்டுமே. உள்ளே இருக்கும் உணரி வண்டி எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்பதை அளந்து அதற்கேற்ப டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்புகிறது: மெல்ல மிதித்தால் மெல்லப் பிடிக்கும், திடீரென்று மிதித்தால் வலுவாகப் பிடிக்கும். தான் எந்தத் திசையில் அமர்ந்திருக்கிறது என்பதை ஓடும்போது பிரேக் பிடிப்பதைக் கொண்டே அது கற்றுக்கொள்கிறது. ஆகவே பொருத்திய உடனே முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் பிரேக்கை மிதித்தால், குமிழில் வைத்த அளவு அப்படியே போகும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் நடைவேகத்தில் இறங்கும்போது, உணரி அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அங்கே இரண்டாவது முறைதான் கைகொடுக்கிறது.

குமிழை அழுத்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்போது காரின் பிரேக்கை மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு குமிழை அழுத்தினால் டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். அளவைச் சரிசெய்வதும் இதே குமிழால்தான். வாகனம் இல்லாத, காய்ந்த, சமமான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஓட்டி, அழுத்திப் பார்த்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும் கட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். சுமை மாறினால் திரும்பவும் பார்க்க வேண்டும். காலி டிரெய்லருக்கு அண்டா ஏற்றிய நாளின் அளவு கூடாது.

மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் சரிவில் இதன் அருமை தெரிகிறது. குறைந்த கியரில் இன்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து, இடையிடையே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினால், டிரெய்லர் முதுகில் ஏறி உந்தும் உணர்வே வருவதில்லை. ஒன்றை மறந்துவிடக் கூடாது: காலைப் பிரேக்கில் வைக்காதவரை, குமிழையும் அழுத்தாதவரை டிரெய்லரின் பிரேக்கும் சும்மாதான் இருக்கும், இன்ஜின் பிடிப்பை அது அறியாது.

கருவியில் குறை என்று சொன்னால், திரை இல்லை. அமெரிக்கத் தயாரிப்பாகிய டெகோன்ஷா ப்ரோடிஜி பி3 எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை எண்ணாகக் காட்டும், இணைப்பு அறுந்தால் திரையில் எழுதும். எண்ணைப் பார்த்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் அதை முழங்காலுக்கு அருகில் தொங்கவிட வேண்டும். வண்டி ஓடும் திசைக்கு நேராகவும் வைக்க வேண்டும். நீண்ட கால் உள்ள என் தம்பிக்கு அது ஒத்துவராது. ரெட்ஆர்க் குமிழில் எரியும் விளக்கின் ஒளியைக் கொண்டே நிலையை அறிவதில் எனக்குச் சிரமம் இல்லை.

பட்டறையின் மேல் எனக்கு இரண்டு குறைகள். குமிழை முதலில் ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் கீழே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்கள். அவசரத்தில் தேட வேண்டிய பொருளை அங்கே வைப்பது சரியல்ல என்றதும், “அண்ணே, எல்லாரும் அங்கதான் கேக்கறாங்க, மறைவா இருக்கும்னு” என்று பையன் சொன்னான். கியருக்கு அருகில், இடது கை தானாகச் செல்லும் இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் கூலி கேட்கவில்லை. மற்றது, அளந்து எழுதிய தாளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர் பியூஸ் எங்கே இருக்கிறது என்ற படம் வண்டியோடு இருக்க வேண்டும். நாளை கிளந்தான் சாலையில் பியூஸ் போனால் அங்குள்ள மெக்கானிக்குக் காட்ட ஏதாவது வேண்டாமா? கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். நீங்கள் போனால் முதலிலேயே ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் மூக்கில் ஒரு சிறிய பேட்டரியும், கம்பி கட்டிய ஒரு முளையும் வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் கழன்றால் முளை பிடுங்கப்பட்டு, பேட்டரி தானே பிரேக்கைப் பிடிக்கும். ஆஸ்திரேலிய விதி அந்தப் பிடிப்பு 15 நிமிடமாவது நிற்க வேண்டும் என்கிறது. எங்கள் எடைக்கு அது கட்டாயமில்லை என்றாலும் வைக்கச் சொன்னது நல்ல யோசனை. அந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே தனியாக மாட்ட வேண்டும் என்பதையும், இதை நிறுத்தும் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கூலியும் ஒயர், மாட்யூல், சாக்கெட் செலவும் சேர்ந்து கருவியின் விலையைத் தாண்டிவிட்டன. கருவியை இணையத்தில் மலிவாக வாங்கி, அங்கே இங்கே பொருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். புதிய பிரேக் ஷூக்கள் டிரம்மோடு ஒத்துப்போன பிறகு, ஏறத்தாழ முதல் 300 கிலோமீட்டருக்குப் பின், இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்; அதற்கு அவர்கள் தனியாக ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள். வேலை பெரும்பாலும் தகரக் கூரைக்கு வெளியே நடக்கிறது, மழை வந்தால் நின்றுவிடும். ஆகவே டிரெய்லரையும் வண்டியையும் சேர்த்துக் காலையிலேயே கொண்டு போய் விடுங்கள், திருவிழாக் காலத்துக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள்.