மழை பெய்தால் நெட் போன ஆபீஸ்: சரிசெய்து தந்த மார்த்தாண்டம் சர்வீஸ் கடை

குலசேகரத்தில் எங்களுக்கு ரப்பர் ஷீட் மொத்த வியாபாரம். ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர், கணக்கு மென்பொருளான டாலி ஓடும் ஒரு சர்வர், இரண்டு பிரிண்டர். கணக்கும் பில்லும் என் பொறுப்பு. ஜூனில் மழை பிடித்ததில் இருந்து ஒரே தொல்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் நாலு கம்ப்யூட்டரில் நெட் வரும், ஐந்தில் வராது. நேற்று வராததில் இன்று வரும். கோட்டயம் லோடு ஏற்றி லாரி வாசலில் நிற்கும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு, ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் இல்லாமல் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டக் கூடாது. மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம் என்றால், இன்வாய்ஸ் கிடப்பது டாலி சர்வரில்; அதுவும் திறக்காது. டிரைவர் அண்ணன் இரண்டு தடவை சாயா குடித்துவிட்டு வந்து, "பில் ஆச்சா மக்ளே?" என்று ஜன்னலில் நிற்பார். எனக்கு அழுகையே வந்துவிடும்.

முதலில் வந்தவர் ரௌட்டர் போச்சு என்றார், மாற்றினோம். அடுத்தவர் மழையில் லைன் சரியில்லை என்றார். மூன்றாமவர் இரண்டு கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டுப் போனார். காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மார்த்தாண்டத்தில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். பதினொரு மணிக்கு வருகிறேன் என்ற தம்பி ஒரு மணிக்குத்தான் வந்தார். ஆனால் வந்ததும் எதையும் கழற்றவில்லை. "எப்போ எல்லாம் போகுது அக்கா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், கரண்ட் போய் வந்த பிறகுதான். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதற்குக் கணக்கே இல்லை.

நெட் வருகிற கம்ப்யூட்டர் ஒன்று, வராதது ஒன்று, இரண்டிலும் கறுப்புத் திரையைத் திறந்து நெட் விவரம் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் என்ற கட்டளையை அடித்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். நல்லதில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த எண், 192.168.1.34. கெட்டதில் 192.168.0.104. கீழே டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி. முகவரியைக் கொடுத்தது யார் என்று அதில் இருக்கும். நல்லதில் எங்கள் ரௌட்டர், 192.168.1.1. கெட்டதில் 192.168.0.1. "உங்க ஆபீஸ்ல இன்னொரு ரௌட்டர் எங்கேயோ ஓடுது அக்கா. அதுவும் முகவரி கொடுக்குது" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்யாத குறை.

அதை அவர் தேடிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கெட்ட கம்ப்யூட்டரில் இருந்து 192.168.0.1க்கு விடாமல் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்குவது) ஓடவிட்டு, திரையை என்னைப் பார்க்கச் சொன்னார். அவர் எல்லாக் கேபிளும் வந்து சேரும் 16 போர்ட் சுவிட்ச் பக்கம் போய் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, திரும்பச் செருகினார். ரிப்ளை, ரிப்ளை என்று வரி ஓடிக்கொண்டே இருந்தது. பதினொன்றாவது கேபிளைப் பிடுங்கியதும் நின்றது. "நின்னுட்டு!" என்று கத்திவிட்டேன். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் சுவர் ஓட்டை வழியாகக் குடோன், அங்கே ஒட்டுப்பால் (காய்ந்த கழிவு ரப்பர்) சாக்குக்கு மேலே ஆணியில் தொங்குகிறது ஒரு பழைய வைஃபை ரௌட்டர். குடோனில் வேலை செய்கிறவர்களுக்கு சிக்னல் கிடைக்கட்டும் என்று எப்போதோ மாட்டியது, புகை படிந்து நிறமே மாறியிருந்தது.

கரண்ட் வந்ததும் அந்தச் சின்ன ரௌட்டர் சட்டென்று எழுந்துவிடும். ஃபைபர் மோடமும் பெரிய ரௌட்டரும் எழ இன்னும் சில நிமிஷம் ஆகும். அந்த இடைவெளியில் முகவரி கேட்ட கம்ப்யூட்டருக்கெல்லாம் இது தன் முகவரியைக் கொடுத்துவிடும். அந்த முகவரிக்கு நெட்டும் கிடையாது, டாலி சர்வருக்கு வழியும் கிடையாது. மழைக்கும் லைனுக்கும் சம்பந்தமே இல்லை. வேறு கடையாக இருந்தால் வைஃபை தரும் புது ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை என் தலையில் கட்டியிருப்பார்கள். இவர் அதே ரௌட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அங்கேயே மாட்டிவிட்டார். குடோனில் வைஃபையும் போகவில்லை.

பிரிண்டருக்கும் சர்வருக்கும் ரௌட்டரிலேயே நிலையான முகவரி ஒதுக்கினார். கேஷ் கவுன்டர் கம்ப்யூட்டர் மட்டும் 169.254 என்று ஒரு முகவரியைக் காட்டியது. யாரும் முகவரி கொடுக்காதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வதாம். கேபிள் நுனியை வெட்டிக் காட்டினார், உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. புதுக் கிளிப் போட்டு கிரிம்ப் செய்ததும் சரியானது.

வந்ததற்கு 800, கிளிப்புக்கு 40, மொத்தம் 840 ரூபாய். குறை என்றால் இரண்டு. சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. மதியம் இரண்டு முதல் நாலு வரை கடைப் போனை யாரும் எடுப்பதில்லை. எங்களைப் போல லாரியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம், கடைக்காரர் கவனிக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் கேட்டதும் எழுதித் தந்தார்கள்.

போன வாரம் ராத்திரி பயங்கர இடி. காலையில் ஒரு கம்ப்யூட்டரில் நெட் இல்லை. நானே ஐபிகான்ஃபிக் அடித்தேன், 169.254. தம்பியைக் கூப்பிட்டேன். "அந்தக் கேபிளை சுவிட்ச்ல வேற போர்ட்டுக்கு மாத்திப் பாருங்க அக்கா" என்றார். மாற்றினேன், பச்சை விளக்கு எரிந்தது. ஒன்பதே காலுக்கு லாரி கிளம்பிவிட்டது.