டின்பிளேட் பேடன்ட் படிக்கணுமா? எஸ்பாஸ்நெட், ஐரோப்பியன் பேடன்ட் ரெஜிஸ்டர் ரெண்டையும் பத்தி என்னோட ரிவ்யூ

டின்பிளேட், அதாவது கேன் செய்ய டின் பூசின மெல்லிய ஸ்டீல் தகடு, அதை தயாரிக்கிற ஒரு முறைக்கு பேடன்ட் கேட்டா எக்ஸாமினர் என்னென்ன கேப்பார், கம்பெனி அதுக்கு என்ன பதில் எழுதும், கடைசில எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கும், இது எல்லாத்தையும் ஒரு பைசா கட்டாம, அக்கவுன்ட் கூட ஓப்பன் பண்ணாம வீட்ல உக்காந்து படிக்கலாம். மெட்டலர்ஜி படிக்கிற பசங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியவே மாட்டேங்குது. பேடன்ட்னா கூகுள்ல போட்டு பிடிஎஃப் இறக்கி, அப்ஸ்ட்ராக்ட்டை படிச்சு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு வரி சேக்குறதோட முடிச்சுக்கிறாங்க. பேடன்ட்டை விட அதோட எக்ஸாமினேஷன் ஃபைல்தான் படிக்கவேண்டிய சரக்குன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் இந்த ரிவ்யூ.

எஸ்பாஸ்நெட்ங்கிறது ஐரோப்பிய பேடன்ட் ஆபீஸ் 1998ல இருந்து நடத்துற இலவச தேடுதளம். உலகம் பூரா இருந்து 15 கோடிக்கு மேல டாக்குமென்ட் இருக்கு. அதுல ஒரு ஐரோப்பிய பேடன்ட்டை திறந்தா ஐரோப்பியன் பேடன்ட் ரெஜிஸ்டருக்கு, அதாவது அதே ஆபீஸோட அப்ளிகேஷன் பதிவேட்டுக்கு, ஒரு லிங்க் வரும், அதை அமுக்கி உள்ள போய் ஆல் டாக்குமென்ட்ஸ்ங்கிற டேபை எடுத்தா அந்த அப்ளிகேஷனோட மொத்த கடிதப் போக்குவரத்தும் தேதி வரிசைல நிக்கும். சர்ச் ரிப்போர்ட் (இதுக்கு முன்னாடி என்னென்ன வந்திருக்குன்னு ஆபீஸ் தேடி எடுத்த பட்டியல்), எக்ஸாமினரோட ஆட்சேபணை, கம்பெனி சார்பா அட்டர்னி எழுதின பதில், திருத்தின க்ளெய்ம் (எதுக்கு உரிமை வேணும்னு கேக்குற பகுதி), கிராண்ட் பண்றோம்னு சொல்ற லெட்டர், அப்புறம் போட்டி கம்பெனி யாராவது எதிர்ப்பு போட்டிருந்தா அதுவும். ஜப்பான், கொரியா, சீனா, அமெரிக்கா ஃபைலையும் பாக்கணும்னா குளோபல் டாசியர்னு இன்னொரு லிங்க் இருக்கு.

தேடுறது எப்படின்னு முதல்ல சொல்லிடுறேன். டின்பிளேட்னு வெறும் வார்த்தையா போட்டா சரியா வராது. ஏன்னா ஜப்பான் கம்பெனிங்க பாதி நேரம் கேனுக்கான ஸ்டீல் ஷீட்னுதான் எழுதுவாங்க, ஜெர்மன்காரங்க பேக்கேஜிங் ஸ்டீல்னு எழுதுவாங்க. அதனால கிளாஸ் நம்பரை, அதாவது பேடன்ட்டை துறைவாரியா பிரிக்கிற எண்ணை வச்சு போறதுதான் நல்லது. தகடு உருட்டி அனீல் பண்ற (சூடாக்கி இளக்குற) பக்கத்துக்கு சி21டி 8/04, சி21டி 9/46, ஸ்டீலோட கெமிஸ்ட்ரிக்கு சி22சி 38, டின் ப்ளேட்டிங் பாத்துக்கு சி25டி 3/30, ப்ளேட் பண்ணப்புறம் சூடு பண்றதுக்கு சி25டி 5/50. இதுல ரெண்டை சேத்து போட்டு கூடவே கேன்ங்கிற வார்த்தையையும் போட்டீங்கன்னா தேவையில்லாதது பெரும்பாலும் கழிஞ்சிடும்.

இந்த துறைக்கு புதுசா வர்றவங்களுக்காக செய்முறையை வேகமா சொல்லிடுறேன், இல்லன்னா ஃபைல் புரியாது. லோ கார்பன் ஸ்லாபை ஹாட் ரோல் பண்ணி ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட கொண்டுவந்து, ஆசிட்ல பிக்ளிங் பண்ணி, கோல்ட் ரோலிங்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் தடிமனை குறைச்சு, அனீல் பண்ணி, லேசா உருட்டி டெம்பர் ரோல் பண்ணுவாங்க, இல்லன்னா இன்னொரு தடவை நல்லா அழுத்தி உருட்டி டபுள் ரெட்யூஸ்டா ஆக்குவாங்க. அதுக்கப்புறம் எலக்ட்ரோலிடிக் லைன்ல டின் ஏறும், சதுர மீட்டருக்கு 2.8 கிராம், 5.6 கிராம்னு. அடுத்து டின் உருகுற 232 டிகிரிய தாண்டி ஒரு நொடி சூடு காட்டினா மேல பளபளப்பு வரும், அடியில இரும்பும் டின்னும் சேந்த மெல்லிய அலாய் லேயர் உருவாகும். கடைசில பாஸிவேஷன் (மேற்பரப்பை கெடாம காக்குற மெல்லிய படலம்), கொஞ்சூண்டு எண்ணெய். இந்த எலக்ட்ரோலிடிக் வேலையை ஜெர்மனில ஆண்டர்நாக் ஊர்ல ராசல்ஸ்டைன் கம்பெனி 1934லயே ஓட்டிட்டாங்க. அதாவது அடிப்படை எல்லாம் 90 வருஷத்து பழசு. அப்போ இன்னிக்கு ஒருத்தர் வந்து புது முறைன்னு பேடன்ட் கேட்டா அதுல எது புதுசுங்கிறதுதான் எக்ஸாமினரோட முழு வேலையும், அதனாலதான் டின்பிளேட் ஃபைலுங்க இவ்வளவு நல்லா இருக்கு.

இப்போ வர்ற அப்ளிகேஷன்கள்ல க்ளெய்ம் பெரும்பாலும் எண்களோட போராட்டம். நானே எண் போட்டு ஒரு உதாரணம் சொல்றேன், இது எந்த கம்பெனியோட ஃபைலும் கிடையாது. பழைய டாக்குமென்ட் ஒன்னுல கார்பன் 0.02ல இருந்து 0.10 சதவீதம், கோல்ட் ரோலிங் 80ல இருந்து 95 சதவீதம், அனீலிங் 600ல இருந்து 750 டிகிரின்னு இருக்குன்னு வைங்க. புதுசா வர்றவர் கார்பன் 0.04ல இருந்து 0.06, ரோலிங் 88ல இருந்து 91, அனீலிங் 650ல இருந்து 680ன்னு கேக்குறார். பழைய டாக்குமென்ட்டோட டேபிள்ல ஏதாவது ஒரே ஒரு ஸ்டீல் இந்த மூணுக்குள்ளயும் விழுந்துச்சுன்னா அங்கயே புதுமை போச்சு, சர்ச் ரிப்போர்ட்ல எக்ஸ்னு குறி விழும். விழலன்னா அடுத்த கேள்வி, இந்த குறுகின ரேஞ்சால உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு. வெறுமனே ஒரு எண்ணை தேர்ந்தெடுத்தா கண்டுபிடிப்பு ஆகாது, 640லயும் 690லயும் போட்டு பாத்து அங்க கெட்டுப்போச்சு இங்கதான் நின்னுச்சுன்னு காட்டணும். அந்த கம்பேரிசன் டேபிள் ஒழுங்கா இருக்கிற அப்ளிகேஷன் தாக்குபிடிக்கும், இல்லாதது வளைஞ்சு நெளிஞ்சு பதில் எழுதும். நாலஞ்சு ஃபைல் படிச்சாலே எது எந்த ரகம்னு உங்களுக்கே பிடிபட்டுடும்.

சர்ச் ரிப்போர்ட்டை படிக்கிற விதம் சொல்றேன். எக்ஸ்னா அந்த ஒரு டாக்குமென்ட்டே போதும் க்ளெய்மை காலி பண்ண, ஒய்னா இன்னொன்னோட சேத்து வச்சா காலி, ஏ-ன்னு குறி இருந்தா அது பின்னணி மட்டும். நிறைய பேர் எக்ஸ் மட்டும் பாத்துட்டு போயிடுறாங்க, எனக்கு பிடிச்சது ஒய்தான். ரெண்டு டாக்குமென்ட்டை எக்ஸாமினர் எந்த காரணம் சொல்லி ஒட்ட வைக்கிறார்ங்கிறதுலதான் மெட்டலர்ஜி இருக்கு. இதை உருட்டுற ஆள் அதை படிச்சிருந்தா இந்த மாத்தத்தை செஞ்சிருக்க முடியுமான்னு கேக்குறது பத்தாது, கட்டாயம் செஞ்சிருப்பாரான்னு கேக்கணும், ஐரோப்பால அதுதான் அளவுகோல்.

அடுத்து பண்புகளை வச்சு கேக்குற க்ளெய்ம். ஈல்ட் ஸ்ட்ரெங்த் (தகடு நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கிற அளவு) 500 மெகாபாஸ்கலுக்கு மேல, நீட்சி இவ்வளவு சதவீதம்னு எழுதி, பழைய டாக்குமென்ட்ல இந்த எண் இல்ல அதனால நாங்க புதுசுன்னு வாதாடுவாங்க. எக்ஸாமினர் சும்மா விடமாட்டார். அதே கெமிஸ்ட்ரி, அதே வழிமுறைன்னா அதே பண்புதானே வரும், வராதுன்னா நீங்களே செஞ்சு காட்டுங்கன்னு பாரத்தை அவங்க மேலயே தூக்கி வச்சிடுவார். இந்த இடத்துல கம்பெனிங்க சில சமயம் தங்களோட லேப் டேட்டாவை புதுசா கொண்டுவந்து கொட்டுவாங்க பாருங்க, அது எந்த ஜர்னல்லயும் வந்திருக்காது. பழைய முறைய அப்படியே திருப்பி செஞ்சு பாத்து இப்படி வந்துச்சுன்னு டேபிளோட கொடுத்திருப்பாங்க. இதுக்காகவே இந்த ரெஜிஸ்டரை கும்பிடலாம்.

அளவெடுக்கிற முறையும் அடிக்கடி மாட்டும். டின்பிளேட்டுக்கு இழுவை சோதனை பண்றதுக்கு முன்னாடி ஷீட்டை 200, 210 டிகிரி மாதிரி ஒரு சூட்டுல 20 நிமிஷம் வச்சு ஏஜ் பண்ணுவாங்க, கேன்காரர் லாக்கர் அடிச்சு பேக் பண்ற சூட்டுக்கு சமமா. கரைஞ்சு கிடக்கிற நைட்ரஜனும் கார்பனும் அந்த சூட்டுல டிஸ்லொகேஷன்ங்கிற படிகக் குறைகள்ல போய் உக்காந்து பலத்தை ஏத்திவிடும். அப்போ க்ளெய்ம்ல சொன்ன ஸ்ட்ரெங்த் ஏஜிங்குக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதலன்னா அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? க்ளாரிட்டி ஆட்சேபணை வரும், அது வெறும் எழுத்துப்பிழை சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க, ப்ளான்ட்ல கஸ்டமரோட சண்டை வர்றதும் இதே இடத்துலதான்.

நைட்ரஜனை ஏத்தி பலம் வாங்குற குடும்பம்னு ஒன்னு இருக்கு, அதை தனியா படிங்க. தகடை மெலிசாக்கணும், பலம் குறையக்கூடாது, அதுக்கு நைட்ரஜன் மலிவான வழி. ஆனா காஸ்டர்ல, அதாவது உருகின ஸ்டீலை ஸ்லாபா வார்க்கிற மெஷின்ல, ஸ்லாப் வளைஞ்சு நேராகுற இடத்துல மூலை வெப்பநிலை தப்பான ரேஞ்சுல மாட்டுச்சுன்னா அலுமினியம் நைட்ரைடு படிஞ்சு மூலைல வெடிப்பு விடும். அதனால கேன் ஸ்டீல் க்ளெய்ம்லயே காஸ்டரோட ஸ்லாப் மூலை வெப்பநிலையும் ஏறி உக்காந்திருக்கிறதை பாக்கலாம். கேனுக்கும் காஸ்டருக்கும் என்ன சம்பந்தம்னு வகுப்புல யாரும் சொல்லித்தராத விஷயம், ஒரு மெத்தட் க்ளெய்ம்ல ஒரே வாக்கியத்துல கோத்து கிடக்கும்.

பாஸிவேஷன் பக்கம் இன்னும் சூடு. டின்பிளேட்டை காலங்காலமா சோடியம் டைக்ரோமேட் கரைசல்லதான் பாஸிவேட் பண்ணாங்க, அது ஆறு இணைதிறன் க்ரோமியம், புத்துநோய் வரவைக்கிற சமாச்சாரம். ஐரோப்பால ரீச்ங்கிற ரசாயன சட்டத்துல 2017 செப்டம்பர் 21ஓட அனுமதி இல்லாம பயன்படுத்தக்கூடாதுன்னு வந்துச்சு. அதனால க்ரோமியமே இல்லாத பாஸிவேஷன், மூணு இணைதிறன் க்ரோமியம் பூச்சுன்னு ராசல்ஸ்டைனும் டாடா ஸ்டீலோட நெதர்லாந்து ஐமௌடன் ப்ளான்ட்டும் வரிசையா அப்ளிகேஷன் போட்டிருக்காங்க. ஒருத்தரோட சர்ச் ரிப்போர்ட்ல இன்னொருத்தர் பேர் தேடி பாருங்க, யார் எங்க முந்துறாங்கன்னு செய்தித்தாளை விட தெளிவா தெரியும்.

ஒரு சின்ன டெக்னிக். ஏ1னு முடியுற டாக்குமென்ட்ல இருக்கிற முதல் க்ளெய்மையும் பி1னு முடியுறதுல இருக்கிற முதல் க்ளெய்மையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஏ1 அவங்க ஆசைப்பட்டது, பி1 அவங்களுக்கு கிடைச்சது. நடுவுல எது ஏன் சுருங்குச்சுன்னு ஃபைல் சொல்லும். சுருக்கும்போது இஷ்டத்துக்கு சுருக்கவும் முடியாது, ஒரு எக்ஸாம்பிள்ல இருந்து நைட்ரஜனை எடுத்து இன்னொரு எக்ஸாம்பிள்ல இருந்து காயிலிங் (தகடை சுருட்டுற) வெப்பநிலையை எடுத்து ஒட்டினா, தாக்கல் பண்ணப்ப இல்லாததை சேத்துட்டீங்கன்னு ஐரோப்பிய பேடன்ட் ஒப்பந்தத்தோட 123(2)ல மடக்கிடுவாங்க. அப்ளிகேஷன் எழுதுறவங்க முதல் நாளே படிப்படியா குறுகுற ரேஞ்ச் எழுதி வைக்கிறதுக்கு காரணம் இதுதான். கிராண்ட் ஆகாம கைவிடப்பட்ட ஃபைலையும் ஒதுக்காதீங்க, அதுலதான் ஆட்சேபணை முழு பலத்தோட நிக்கும்.

குறைங்களும் இருக்கு. ரெஜிஸ்டர்ல இருக்கிற கடிதங்கள் நிறைய ஸ்கேன் பண்ண படமா வரும், உள்ள வார்த்தை தேட முடியாது. ராசல்ஸ்டைன் ஃபைலெல்லாம் ஜெர்மன்ல ஓடுது, பேடன்ட்டோட டெக்ஸ்ட்டை எஸ்பாஸ்நெட்லயே மொழிபெயர்ப்பு பட்டன் போட்டு இங்கிலீஷ்ல படிச்சிடலாம், ஆனா எக்ஸாமினரோட கடிதம் படமா இருந்தா போன்ல ஓசிஆர் எடுத்துதான் மாத்தணும், அது எரிச்சலான வேலை. அந்த மொழிபெயர்ப்புலயும் ஜப்பானிய பேடன்ட்ன்னா வாக்கியம் உடைஞ்சு வரும், டேபிளை நம்புங்க, வாக்கியத்தை ரெண்டு தடவை படிங்க. தமிழ் கிடையாது. நிறைய டவுன்லோட் பண்ணா கேப்சா கேக்கும். மொபைல்ல ரெஜிஸ்டர் பக்கம் வசதியா இல்ல, லேப்டாப்ல பாருங்க.

நம்ம நாட்டு ஃபைல் வேணும்னா இந்திய பேடன்ட் ஆபீஸோட இன்பாஸ் தளத்துல எஃப்இஆர்னு சொல்ற முதல் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டும் பதிலும் கிடைக்கும். ஜாம்ஷெட்பூர் கோல்முரில 1920ல ஆரம்பிச்ச டின்பிளேட் கம்பெனி 2024ல டாடா ஸ்டீலோட சேந்துடுச்சு, அதனால இந்த துறைல இந்திய அப்ளிகேஷன் தேடும்போது ரெண்டு கம்பெனி பேரையும் போட்டு தேடுங்க. ஐரோப்பால கிராண்ட் ஆன அதே கண்டுபிடிப்பு இங்கயும் வந்திருந்தா ரெண்டு எக்ஸாமினரும் ஒரே டாக்குமென்ட்டை வச்சு எப்படி வேற வேற கேள்வி கேக்குறாங்கன்னு ஒப்பிட்டு பாக்கிறது நல்ல பயிற்சி. இங்க பதில் சொல்ல ஆறு மாசம், கேட்டா இன்னும் மூணு மாசம்.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க. ஐரோப்பால நிலுவைல இருக்கிற அப்ளிகேஷன்ல இது பழசு, இன்ன வருஷமே இன்ன பேப்பர்ல வந்தாச்சுன்னு யார் வேணாலும் ஆதாரத்தோட எழுதி போடலாம், ஃபீஸ் இல்ல, பேர் சொல்லவும் வேண்டாம். லேப்ல பழைய ஜர்னல் அடுக்கி வச்சிருக்கிற ஒரு புரொஃபசரால ஒரு தப்பான கிராண்டை தடுக்க முடியும்ங்கிறது சாதாரண விஷயம் இல்ல. நம்ம ஊர்ல கிராண்டுக்கு முன்னாடி எதிர்ப்பு போடுறதுக்கும் பேடன்ட் சட்டத்துல 25(1)ன்னு வழி இருக்கு, அதுவும் யார் வேணாலும் போடலாம், ஆனா 2024 விதிகள்ல இருந்து அதுக்கு ஃபீஸ் வச்சிருக்காங்க.

என்னோட மார்க்கு: எஸ்பாஸ்நெட்டுக்கு 5க்கு 4.5, ரெஜிஸ்டருக்கு உள்ள இருக்கிற சரக்குக்காக 5, வசதிக்கு 3. ஃபைனல் இயர் மெட்டலர்ஜி பசங்க, கேன் தயாரிக்கிற கம்பெனில க்வாலிட்டி பாக்கிறவங்க, பேடன்ட் ஏஜென்ட் பரீட்சைக்கு படிக்கிறவங்க மூணு தரப்புக்கும் கண்டிப்பா சொல்வேன். சட்டப்படி நம்ம ப்ளான்ட்ல இதை செய்யலாமா கூடாதாங்கிற முடிவுக்கு மட்டும் இதை நம்பி இறங்காதீங்க, அதுக்கு ஏஜென்ட்கிட்ட போங்க, போகும்போது ஃபைலை படிச்சுட்டு போங்க.