பழவேற்காடு: காலை ரயிலில் போங்கள், படகு கேட்காதீர்கள்

திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் ஏரி இருந்தும் எங்கள் தெருக்காரர்கள் பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குக் கிளம்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம்முடையது. அந்த ஓரம் 1980-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஆரணியாறு ஒரு பக்கம் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் இறால் குஞ்சு வரத்து நின்று, மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமமாகிவிடும்.

பூநாரைக்காகப் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுத் தண்ணீரைச் சலித்துத் தின்னும். தின்கிற பாசியும் சின்னஞ்சிறு இறால் வகைகளும்தான் அதற்கு அந்த இளஞ்சிவப்பைக் கொடுக்கின்றன. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். என் மகள் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கூழைக்கடாவும் இருந்தது. அதே சேற்றில் உட்கார்ந்தபடி சில பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறவைகளுக்கு அவர்களிடம் பயமே இல்லை.

மோட்டார் சத்தத்துக்கோ மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். கரையில் யாராவது படகுக்குக் கூப்பிட்டால், சரி, ஒரு ரவுண்டுதானே என்று ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் போகிற பாலத்தில் நின்றாலே ஏரி நன்றாகத் தெரியும்.

நாங்கள் போனபோது சுத்தமான கழிவறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பெண்களை அழைத்துப் போகிறவர்கள் பொன்னேரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை எது என்று சொல்ல ஒரு பலகையும் இல்லை. சரணாலயம் என்று பெயர் வைத்தால் இதையாவது செய்ய வேண்டாமா?

வெயில் ஏறியதும் டச்சுக் கல்லறைக்குப் போகலாம், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பாருங்கள். அப்புறம் ஊர்ப் பெண்கள் பின்னுகிற பனையோலைப் பெட்டியில் ஒன்று வாங்குங்கள். ஏரிக்கு ஐந்துக்கு ஐந்து, வசதிக்கு ஒன்று.